படுத்திருந்த துணுக்குகள்

குடலில் ஒரு குறையும் தெரியவில்லை. குறையெல்லாம் குடலுக்குச் சொந்தக்காரரிடம்தான் இருந்தது.

துணுக்கு டாக்டர் அந்தக் கண்ணாடித் தகட்டை மறுபடியும் மைக்ரோஸ்கோப்பின் அடியில் நகர்த்தி வைத்தார். மருத்துவமனையில் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மற்ற டாக்டர்களிடம் முழு மனிதர்கள் வந்து உட்காருவார்கள். இவரிடம் வந்து சேர்வது மனிதரில் ஒரு துணுக்குதான். வயிறு, குடல், ஈரல், கணையம் என்று எங்கிருந்தாவது கிள்ளியெடுத்த, அரிசியில் பாதிகூடத் தேறாத சதை. அது மெழுகில் புதைந்து, தாளைவிட மெல்லியதாகச் சீவப்பட்டு, சாயம் ஏற்றிக்கொண்டு கண்ணாடியில் ஒட்டி வரும். அதைப் பார்த்து, இன்ன நோய் என்று சொல்ல வேண்டியது இவர் வேலை.

இந்த ஆறு துணுக்குகளும் ஒரு பஸ் டிரைவரின் பெருங்குடலில் இருந்து வந்தவை. அந்த மனிதருக்குப் பல மாதமாக வயிற்றுப்போக்கு. குழாயைத் திறந்துவிட்டது போல வெறும் தண்ணீர். ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. கிருமி இருக்கிறதா என்று தேடினார்கள், இல்லை. குழாய்க் கேமராவை விட்டுக் குடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்த குடல் டாக்டர், "குழந்தை குடல் மாதிரி இருக்கு" என்றார். ஆனாலும் வழக்கப்படி ஆறு இடத்தில் கிள்ளி அனுப்பியிருந்தார்.

பெருங்குடலின் உள்சுவர் வெறும் கண்ணுக்கு வழவழவென்று தெரியும். உண்மையில் அது சோதனைக் குழாய்களை வாய் மேலாக, அடி கீழாக ஒன்றையொன்று ஒட்டி நிறுத்திவைத்தது போன்ற அமைப்பு. அத்தனையும் நுண்குழாய்கள். நோய் வந்தால் அவை கோணும், கிளை விடும், உடையும், சீழ் கட்டும். இந்தத் தகட்டில் அப்படி ஒன்றும் இல்லை. வட்டம் வட்டமாக, ஒரே அளவில், பூப்போட்ட துணியை விரித்தது போல அழகாக இருந்தன. வட்டங்களுக்கு நடுவே, கிருமியை எதிர்க்கிற காவல் அணுக்கள் கொஞ்சம் கூடுதலோ என்று ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு நோய்க்குப் பெயர் வைக்க முடியாது.

போன் அடித்தது. குடல் டாக்டர்.

"என்னம்மா, ஏதாவது தேறுச்சா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்."

"நான்தான் சொன்னேனே. ஆளு டென்ஷன் பார்ட்டி. நரம்புக் கோளாறு. மனநல டாக்டர்கிட்ட அனுப்பிடறேன்."

"தூக்கத்துல இருந்து எந்திரிச்சு ஓடறாராமே சார். மனசு தூங்கும்போது குடலுக்கு மட்டும் என்ன டென்ஷன்?"

"அதை உங்க துணுக்குகிட்டயே கேளுங்க" என்று சிரித்துக்கொண்டே அவர் வைத்துவிட்டார்.

துணுக்கு டாக்டர் 'நோய் இல்லை' என்று கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். மூடி திறந்த பேனா அப்படியே கையில் நின்றது. பிறகு மூடிவைத்துவிட்டார். அந்தக் குடலின் சொந்தக்காரர் முகம் அவருக்குத் தெரியும். அதுதான் வினை.

தினமும் காலையில் அவர் வேலைக்கு வருவது அந்த டிரைவரின் பஸ்ஸில்தான். டிரைவரும் கண்டக்டரும் புருஷன் பெண்டாட்டி. அந்தத் தடத்தில் போகிற எல்லாருக்கும் இது தெரியும். "வண்டியிலதான் இவரு ஓட்டறாரு. வீட்ல ஸ்டீயரிங் நம்ம கையில" என்பது கண்டக்டர் புதுப் பயணிகளிடம் தவறாமல் சொல்கிற வசனம். "பிரேக்கும் அவ காலடியிலதான்" என்று டிரைவர் முன்னாலிருந்து பதில் கொடுப்பார். பஸ்ஸே சிரிக்கும்.

இப்போது அந்தச் சிரிப்பு குறைந்துவிட்டது. தடத்தில் எந்தக் கடையில் கழிப்பறை இருக்கிறது, எந்த பெட்ரோல் பங்கில் சாவி யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் டிரைவருக்கு மனப்பாடம். நடுவழியில் வண்டியை நிறுத்திவிட்டு ஓடுவார். பயணிகள் புகார் கொடுத்தார்கள். டிப்போ அதிகாரி கூப்பிட்டு, இன்னும் ஒரு புகார் வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கி வண்டி கழுவும் கொட்டகைக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். 'வியாதின்னா வியாதின்னு டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும். இல்லாத வியாதிக்கு நான் என்ன பண்றது?' என்பது அவர் கேள்வி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

மறுநாள் காலை துணுக்கு டாக்டர் ஏறியதுமே டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, நம்ம சரக்கு வந்து சேந்துச்சா?"

"வந்துருச்சு. இன்னும் பாத்து முடிக்கல" என்றார் அவர், மெதுவான குரலில். பஸ் முழுக்கக் காது.

கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றது. குழாய் பதிக்க ரோட்டைக் குறுக்கே வெட்டியிருந்தார்கள். ஒரு பக்கமாகத்தான் வண்டிகளை விட்டார்கள். முன்னால் நீளமான வரிசை. டிரைவரின் பிடரியில் வேர்வை பொடித்ததைத் துணுக்கு டாக்டர் பார்த்தார். கண்டக்டரும் பார்த்துவிட்டு முன்னால் வந்தார்.

"என்னங்க?"

"முடியல."

"லைப்ரரி ஸ்டாப் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கங்க."

"பல்லைக் கடிச்சு என்ன புண்ணியம்? பிரச்சினை அந்தக் கோடியில இல்ல."

சொல்லிக்கொண்டே கை பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்து, கதவைத் திறந்து குதித்து, எதிரில் இருந்த டயர் கடைக்குள் ஓடி மறைந்தார். அதே நேரம் முன்னால் வழி விட்டார்கள். பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன.

"என்ன நடக்குது இங்க? ஆபீசுக்கு நேரமாகுது!" என்று ஒருவர் எழுந்தார்.

"டிரைவரே இறங்கிப் போயிட்டா நாங்க யாரைக் கேக்கறது?" என்றார் இன்னொருவர்.

"யாரையும் கேக்க வேணாம் சார், நீங்களே வந்து உக்காந்து ஓட்டுங்க. நான் உங்களுக்கு டிக்கெட்டே போட மாட்டேன்" என்றார் கண்டக்டர். நாலு பேர் சிரித்தார்கள். ஆனால் ஜன்னலோரம் இருந்தவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து, வண்டி எண்ணைச் சத்தமாகச் சொல்லிப் புகார் கொடுத்தார்.

கண்டக்டரின் முகம் விழுந்துவிட்டது. துணுக்கு டாக்டரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"இங்க நான் பேசிச் சமாளிச்சுடுவேன் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்தா அவரு குளியலறைல தண்ணியைத் திறந்துவிட்டுட்டு அழறாரு. எனக்குக் கேக்கக் கூடாதாம். இருபத்தஞ்சு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குக் கேக்காதா?" கண்டக்டர் டிக்கெட் பையின் வாரைத் திருகினார். "எல்லாம் மனசுதான்னு சொல்லிட்டாரு குடல் டாக்டர். மனசுன்னா வீட்டு நிலவரம்தானே? ஒருவேளை நான்தான் காரணமோ? ரொம்பப் பேசறேனோ?"

'உங்க வீட்டுக்காரர் குடல் நல்லா இருக்கு' என்பது இந்த அம்மாளுக்கு ஆறுதல் இல்லை. வெந்த புண்ணில் வேல்தான். துணுக்கு டாக்டர் கண்ணைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

வெளியே பள்ளம். வெட்டிய ரோட்டின் பக்கச் சுவர் நேராகத் தெரிந்தது. அடியில் மண், அதற்கு மேல் ஜல்லி, அதற்கு மேல் தார். தார் ஒரு விரல் தடிமன் இருக்கும் என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார். வெட்டின இடத்தில் அது முழங்கை நீளத்துக்கு இருந்தது. வருஷா வருஷம் பழைய தார்மேல் புதுத் தார் போட்டுப் போட்டு ஏறிய பட்டை. மேலிருந்து பார்த்தால் அதே கறுப்பு ரோடு. பக்கவாட்டில் பார்த்தால்தான் பட்டையின் கனம் தெரிந்தது.

மேலிருந்து. பக்கவாட்டில்.

துணுக்கு டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வட்டங்கள்! தகட்டில் அவர் பார்த்ததெல்லாம் வட்டங்கள். நிறுத்திவைத்த சோதனைக் குழாயைக் குறுக்கே அறுத்தால் வட்டம் வரும். நெடுக்காக அறுத்தால்தான் வாய், உடல், அடி என்று முழுக்குழாயும் தெரியும். ஆறு துணுக்கிலும் வெறும் வட்டம் என்றால், ஆறும் படுக்கைவசத்தில் சீவப்பட்டிருக்கின்றன. ஒரு ரொட்டியை நடுவில் கிடையாக அறுத்துப் பார்த்துவிட்டு, மேல்தோல் எவ்வளவு கனம் என்று சொல்ல முடியுமா? குடலின் மேல்தோலை அவர் பார்க்கவே இல்லை. பார்க்காத இடத்துக்குத்தான் நற்சான்றுப் பத்திரம் எழுதப் பார்த்திருக்கிறார்.

டிரைவர் திரும்பி வந்து, பயணிகள் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"இந்தத் துணுக்குகளை இன்னொரு தடவை பாக்கணும்" என்றார் துணுக்கு டாக்டர் கண்டக்டரிடம். "அதுவரைக்கும் உங்க பேச்சைக் குறைக்காதீங்க."

ஆய்வுக்கூடத்தில் துணுக்குகளை மெழுகில் புதைக்கிறவரை எல்லாரும் மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சூடான மெழுகை அச்சில் ஊற்றி, துணுக்குகளை அடியில் வைத்து, குளிரவிட்டுக் கட்டியாக எடுப்பது அவர் வேலை. டாக்டர் பையைக்கூட வைக்காமல் நேராக அவரிடம் போனார்.

"அக்கா, அந்த டிரைவரோட துணுக்கை எப்படிப் புதைச்சீங்க?"

"எப்பவும் போலத்தான். அச்சுல போட்டு, அமுக்கியால ஒரே மட்டமா ஒரு அமுக்கு."

"எப்ப இருந்து அமுக்க ஆரம்பிச்சீங்க?"

மெழுகக்கா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்க சத்தம் போட்டதுல இருந்துதான்."

"நானா?"

"பின்ன நானா? 'ஆறு துணுக்கு அனுப்பினா தகட்டுல நாலுதான் தெரியுது, மீதி ரெண்டும் காத்தோட போச்சா'ன்னு குதிச்சீங்களே! ஒண்ணு மேல, ஒண்ணு கீழன்னு இருந்தா கத்தி எல்லாத்தையும் ஒரே சீவலா சீவாது. அமுக்கினா ஆறும் ஒரே மட்டத்துல உக்காரும். இப்ப ஆறும் தெரியுதா இல்லையா?"

தெரிந்தது. ஆறும் பளிச்சென்று தெரிந்தது, மல்லாக்கப் படுத்தபடி. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தப்பு என்னோடதுதான் அக்கா. எனக்கு எண்ணிக்கை வேணும்னு கேட்டேன். எந்தப் பக்கம் வேணும்னு சொல்லல."

"சரி விடுங்க. இப்ப என்ன செய்யணும்?"

"கட்டியை உருக்குவோம். மீதி இருக்கற துணுக்கை எடுத்து, விளிம்புல நிக்க வெச்சுப் புதைப்போம்."

"கடுகளவு சதையை நிக்க வைக்கறதா! என் பேரன் ரெண்டு வயசு, அவனையே ஒரு நிமிஷம் நிக்க வைக்க முடியல."

ஆனாலும் மெழுகக்கா பூதக்கண்ணாடியை இழுத்துக்கொண்டார். கட்டி உருகியதும் துணுக்குகள் வெளியே வந்தன. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் மினுமினுப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. மினுமினுப்பு குடலின் உள்பக்கம். அந்தப் பக்கம் அச்சின் பக்கவாட்டைப் பார்த்தபடி, சுவரில் சாய்த்த புத்தகம் போலத் துணுக்கை மெழுகில் நிறுத்தி, மெழுகு இறுகும் வரை இடுக்கியை எடுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு செய்தார்கள். இரண்டு துணுக்குகள் பிடிவாதமாகச் சரிந்து விழுந்தன. நான்கு நின்றன.

"நாலுதான் நிக்குது. சத்தம் போடுவீங்களா?" என்றார் மெழுகக்கா.

"ஒண்ணு நின்னாலே போதும்கா."

மறுநாள் புதுத் தகடுகள் வந்தன. ஒன்றில் வழக்கமான சாயம். இன்னொன்றில் நார்ப்பொருளை மட்டும் நீலமாக்கிக் காட்டுகிற சாயம். நீலத் தகட்டை வைத்து, கண்ணைப் பதித்து, திருகை மெல்லத் திருப்பினார்.

வட்டங்கள் போய்விட்டன. குழாய்கள் வரிசை கட்டி நெடுக நின்றன. அவற்றின் மேலே கூரை போட்டது போல ஒற்றை வரிசை மேல்தோல் அணுக்கள். நல்ல குடலில் அந்த அணுக்களுக்கு அடியில் பென்சில் கோடு போல மெல்லிய ஒரு நார்க்கோடு இருக்கும். தேடினால்தான் கண்ணில் படும். இங்கே தேட வேண்டிய வேலையே இல்லை. நீல மையில் பட்டைத் தூரிகையைத் தோய்த்து இழுத்தது போல, ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கனத்த பட்டை. மேல்தோல் அணுக்களுக்கு நடுவே காவல் அணுக்கள் கூட்டமாக நுழைந்திருந்தன.

"அக்கா, இங்க வந்து பாருங்க. ரோடு!"

மெழுகக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வந்து பார்த்துவிட்டு, "நல்லா நிக்குதுல்ல" என்றார்.

அடுத்ததாக வந்து பார்த்தவர் குடல் டாக்டர். போனில் கேட்டதும் மாடியிலிருந்து தானே இறங்கி வந்துவிட்டார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"பட்டை தோலுக்கு அடியில இருக்கு. என் கேமராவுக்குத் தெரிய வழியே இல்ல" என்றார் கடைசியில். "எத்தனை பேரை நரம்புன்னு சொல்லி அனுப்பி வெச்சேனோ."

"எனக்கும் அதுல பங்கு இருக்கு சார். அவர் மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா? இந்த நார்ப்பட்டை நோயைச் சில மாத்திரைகளே கிளப்பிவிடும்."

"கேட்டேனே. சர்க்கரை, பிரஷர் எதுக்கும் மாத்திரை இல்லைன்னு சொன்னார்."

அன்று மாலையே டிரைவரும் கண்டக்டரும் வந்தார்கள். காலையில் டிப்போவிலிருந்து கூப்பிட்டு, திங்கட்கிழமை கொட்டகைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். டிரைவர் சட்டைப் பொத்தானைத் தடவியபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். துணுக்கு டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார்.

"பெருங்குடலோட முக்கியமான வேலை தண்ணியை உறிஞ்சறது. இந்த மேல்தோல் தண்ணியை இழுத்து அடியில இருக்கற ரத்தக் குழாய்ல விடணும். உங்க குடல்ல இது ரெண்டுக்கும் நடுவுல அழற்சி வந்து, இந்த நீலப் பட்டை வளந்துருச்சு. தரைக்கு அடியில பிளாஸ்டிக் விரிச்ச மாதிரி. தண்ணி உள்ள இறங்க வழியில்ல, அதனால வெளிய ஓடுது. ராத்திரின்னு பாக்காது, பகல்னு பாக்காது. புற்றுநோய் இல்ல, அதுவா மாறவும் மாறாது."

டிரைவர் திரையையே பார்த்தார். "அப்ப இது மனசு இல்லையா டாக்டரம்மா?"

"இல்ல. இதோ, கண்ணுக்கு முன்னாடி இருக்கு."

"நல்லாக் கேட்டுக்கங்க, மனசும் இல்ல, நானும் இல்ல" என்றார் கண்டக்டர். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. டிரைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார் துணுக்கு டாக்டர்.

"மாத்திரையா? கிடையவே கிடையாது."

"முட்டிக்குப் போடறது?" என்றார் கண்டக்டர்.

"ஏய், அது வலி மாத்திரை. அதெல்லாம் மாத்திரைல சேராது."

இரண்டு டாக்டர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குடல் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கொஞ்சம் முதல்ல இருந்து சொல்லுங்க."

"போன வருஷம் எங்க வண்டியை மாத்தினாங்க" என்று கண்டக்டரே ஆரம்பித்தார். "அதுல கிளட்ச் கல்லு மாதிரி. நாள் முழுக்க மிதிச்சு மிதிச்சு இடது முட்டி வீங்கிப் போச்சு. மருந்துக் கடைல கேட்டு வலி மாத்திரை வாங்கினாரு. வயித்தை எரிக்காம இருக்க அது கூட இன்னொண்ணும் குடுத்தாங்க. காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு. அன்னில இருந்து இன்னிவரைக்கும் ஒரு வேளை விட்டதில்ல."

"தண்ணியாப் போக ஆரம்பிச்சது?"

கண்டக்டர் யோசித்தார். விரல்விட்டு மாதங்களை எண்ணினார். "அதுக்கப்புறம்தான். அந்த வண்டி வந்தப்புறம்தான் எல்லாமே."

குடல் டாக்டர் அந்த இடத்திலேயே டிப்போ அதிகாரிக்குப் போன் போட்டார். இந்த மனிதருக்கு இருப்பது பெயர் உள்ள நோய், தீரக்கூடிய நோய், கிளட்ச் இல்லாத வண்டி ஒன்றைக் கொடுத்தால் முட்டியும் பிழைக்கும், குடலும் பிழைக்கும் என்று ஒரே மூச்சில் சொன்னார். எதிர்முனையிலிருந்து, வியாதி என்று டாக்டர் சொன்னால் சரிதான் என்று பதில் வந்தது.

வலி மாத்திரையும் அதற்குத் துணையாகப் போன எரிச்சல் மாத்திரையும் அன்றோடு நின்றன. முட்டிக்குத் தைலமும் பயிற்சியும் போதுமானதாக இருந்தது. குடலின் அழற்சி அடங்கச் சில வாரங்களுக்கு வேறொரு மருந்து கொடுத்தார்கள். முதலில் இரவு ஓட்டம் நின்றது, பிறகு பகல் ஓட்டமும் நின்றது. தானாகக் கியர் மாறுகிற வண்டியில் டிரைவர் இப்போது டயர் கடை, பெட்ரோல் பங்க், லைப்ரரி எல்லாவற்றையும் ஹாரனில் வணக்கம் வைத்துவிட்டுத் தாண்டிப் போகிறார். ஆய்வுக்கூடத்தில் குடல் துணுக்குகளை யாரும் அமுக்குவதில்லை. மினுமினுப்பான பக்கம் ஓரமாக இருக்கும்படி, அவற்றை விளிம்பில் நிறுத்தித்தான் மெழுகில் புதைக்கிறார்கள்.